அந்தப் பாட்டியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ரெண்டு நாளாக சேலம் குரூப் எல்லாவற்றிலும் அந்த வீடியோதான். ஐந்து ரோடு பக்கம், ரோட்டு நடுவே கட்டிய சென்டர் மீடியனில் ஏற முடியாமல் ஏறும் பாட்டி, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 'இவங்களாலதான் ஆக்சிடென்டே' என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை லைக். மனசு ஆறவே இல்லை.

அந்த அம்மா ஆசைப்பட்டா ஏறினார்? டவுன் பஸ் போகும்போது ஒரு பக்கம் ஏற்றும், வரும்போது எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். பஸ்ஸில் போய்வருகிற யாரும் ஒரு தடவையாவது ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். கடக்க வழி விடாமல் மீடியனை நீட்டிக் கட்டிவிட்டு, ஏறியவரைத் திட்டினால் என்ன நியாயம்?

'தள்ளிப் போய் சிக்னலில் கடக்கலாமே' என்கிறீர்கள். எதில் நடந்து போவது? பிளாட்பாரத்தில் பைக் நிற்கிறது, கடை போர்டு நிற்கிறது. தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று, ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதிமுறையே சொல்கிறது. நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கடக்க வழி கொடுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

'நடைமேம்பாலம் கட்டிடலாம்' என்பவர்கள் என் அம்மாவை ஒரு நாள் பார்க்க வேண்டும். வீட்டு வாசலின் மூன்று படியையே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்குகிறார். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தவர். இப்போது போவதில்லை. கேட்டால் 'கூட்டமா இருக்கும்பா' என்கிறார். ரோட்டைக் கடக்கப் பயம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

வண்டிகளுக்காக 2020-ல் ஈரடுக்கு மேம்பாலமே திறந்தார்கள். நல்லது, நானும் ஸ்கூட்டரில் அதில்தான் போகிறேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் நானும் நடப்பவன்தானே? போக்குவரத்தை முடக்கச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே கடக்க ஒரு வழி, வயசானவர் நடந்து முடிக்கிற அளவுக்குப் பச்சை விளக்கு, அவ்வளவுதான்.

'ரோடு டாக்ஸ் கட்டுறது நாங்க' என்றும் ஒருவர். அந்தப் பாட்டி வாங்கும் பிஸ்கெட்டுக்கும் ஜிஎஸ்டி உண்டு. இதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

வீடியோவைப் போட்டவரே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள். அவர்கள் போனுக்கும் அது போயிருக்கும்.