வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதும் ஒரு வழிதான்

பதவி உயர்வு வந்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அரசு வங்கியில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு லேசில்லை. கிளார்க்காக இருக்கும்வரை வேலை நேரம் உண்டு, கூடுதலாக உட்கார்ந்தால் ஓவர்டைம் உண்டு, மாற்றலும் பெரும்பாலும் பக்கத்து ஊர்களுக்குள்தான். பதவி உயர்வில் ஸ்கேல் ஒன் ஆபீசர், அதாவது முதல் படி அதிகாரி ஆனால் ஓவர்டைம் போச்சு. இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். சாயங்காலம் கேஷ் கணக்கில் நூறு ரூபாய் இடித்தாலும் பெட்டகச் சாவி வைத்திருக்கும் ஆபீசர் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. கொடுத்த கடன் வாராக்கடன் ஆனால் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டவரைத்தான் முதலில் கேட்பார்கள். எங்கள் கிளையில் ஒரு அக்கா, மகள் பிளஸ் டூ முடிக்கட்டும் என்று பதவி உயர்வு வேண்டாமென எழுதிக் கொடுத்தார். அப்புறம் பரீட்சை எழுதி இப்போது மேனேஜர். என்ன, சீனியாரிட்டி கொஞ்சம் அடிபட்டது, அவ்வளவுதான்.