ஹார்பர் ஷன்டிங் இன்ஜினுக்கு ஒரு வக்காலத்து

பழைய மெட்ராஸ் துறைமுகப் படம் எதையாவது யாராவது பகிர்ந்தால் போதும், "வெள்ளைக்காரன் கட்டினா கட்டினதுதான்" என்று ஒரு கூட்டம் உருக ஆரம்பித்துவிடும். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் என் கண் கப்பலுக்குப் போவதில்லை. அந்தக் காலத்துத் துறைமுகங்களில் கிடங்குகளுக்கு இடையே புகை விட்டுக்கொண்டு வேகன்களைத் தள்ளி, பிரித்து, சேர்த்துக்கொண்டிருந்த குட்டி ஷன்டிங் இன்ஜினைத் தேடும். அதன் கதையை ஒழுங்காகக் கேட்டால் இந்த உருக்கத்தில் பாதி வடிந்துவிடும் என்பது என் கட்சி.

முதலில் அந்தக் "கட்டினது" விவகாரம். மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிச் சரக்கு கரைக்கு வரும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பார்க்ஸ் என்ற இன்ஜினியரின் திட்டம். 1881 நவம்பர்ப் புயல் கட்டியதில் பெரும்பகுதியைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். துறைமுகத்தின் நுழைவாய் கிழக்குப் பார்த்து இருந்ததால் அலை நேராக உள்ளே வந்தது. 1904இல் துறைமுகத் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயை அடைத்து வடகிழக்கில் வேறு வழி வைத்தார். துறைமுகச் சுவர் கடலோர மணலை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. அந்தக் கணக்கை வடசென்னை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பிரிங் ரயில்வேயிலிருந்து வந்தவர். கப்பல் வந்து நின்றால் மட்டும் போதாது, இறக்கிய சரக்கு அன்றன்றைக்கே நகர வேண்டும். அங்கேதான் குட்டி இன்ஜின் வருகிறது.

ஏன் குட்டி? துறைமுகத்துக்குள் வளைவுகள் ரொம்பக் குறுகல். எக்ஸ்பிரஸ் இன்ஜினைக் கொண்டுவந்தால் முதல் வளைவிலேயே தடம் புரளும். கடலைத் தூர்த்துப் போட்ட தரை அந்த எடையையும் தாங்காது. அதனால் நாலு சக்கரம், மிஞ்சினால் ஆறு. எல்லாமே இழுக்கும் சக்கரங்கள், அதுவும் சின்னவை. வேகம் வராது, ஆனால் நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைக்கும் பலம் வரும். பின்னால் கரிவண்டி கிடையாது. தண்ணீர்த் தொட்டி பாயிலருக்கு மேலேயே குதிரைச் சேணம் மாதிரி கவிழ்ந்திருக்கும். முன்னே போனாலும் பின்னே போனாலும் டிரைவருக்கு வழி தெரியும். ஷன்டிங்கில் இது பெரிய விஷயம். ஒரு ஷிஃப்ட் முழுக்க லீவரை முன்னே தள்ளு, பின்னே இழு, இதுதானே வேலை.

இந்த அமைப்புக்கு ஒரு கோளாறும் உண்டு. பாயிலர் சூட்டில் மேலே இருக்கும் தொட்டித் தண்ணீரும் சுட்டுவிடும். பாயிலருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டர், சுட்ட தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. பாயிலருக்குத் தண்ணீர் ஏறாமல் அடம்பிடிக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் குளிரில் வரைந்த வரைபடம் நம் கத்திரி வெயிலில் எப்படி வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிக் கடல்தான், ஆனால் உப்புத் தண்ணீரை பாயிலரில் ஊற்ற முடியாது. உள்ளே உப்பு படிந்து கெடுத்துவிடும். ஆறிப்போன இன்ஜினில் நெருப்பு மூட்டினால் நீராவி கட்டச் சில மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு வேலை என்றால் கரி அள்ளுபவர் விடியுமுன்பே வந்தாக வேண்டும்.

பஞ்சுப் பொதிக்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில் நெருப்பைச் சுமந்துகொண்டு போகும் வண்டி இது. புகைபோக்கியில் பொறி பறக்காமல் இருக்க வலை வைப்பார்கள். நெருப்பே இல்லாமல், வெளியிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு ஓடும் ரகமும் உண்டு. சிந்த்ரி உரத் தொழிற்சாலையில் ஓடிய ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் டாங்கியை எரித்ததை ஊர் இன்றும் பேசுகிறது. பஞ்சுக்குப் பக்கத்தில் தினமும் நெருப்போடு வேலை செய்தவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதைவிட ஆபத்து, வேகன்களை இணைக்கும் கப்ளிங்கை மாட்டுபவருக்கு. இரண்டு வேகன்களின் முனைகளில் இடிதாங்கியாக இருக்கும் பஃபர்களுக்கு நடுவே குனிந்து நுழைந்து கொக்கியில் சங்கிலியை மாட்ட வேண்டும். இன்ஜின் ஒரு அடி கூடுதலாகத் தள்ளினால் முடிந்தது. சில சமயம் வேகனை உந்தி உருளவிட்டுவிடுவார்கள். கூடவே ஓடி, கைப்பிரேக்கை அமுக்கி நிறுத்துவது ஒரு ஆளின் பொறுப்பு. துறைமுகத்தை நடத்திய போர்ட் டிரஸ்டில் 1912 மார்ச்சில் கிளார்க்காகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனுக்கு மாதம் 30 ரூபாய் சம்பளம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கொக்கி மாட்டியவருக்கு என்ன கூலி என்று யாரும் கேட்பதில்லை.

இன்ஜின் எங்கே செய்தது? இந்த ரகத்துக்குப் பேர்போனவை லீட்ஸின் மேனிங் வார்டில், ஹன்ஸ்லெட், ஹட்ஸ்வெல் கிளார்க் பட்டறைகள். பிரிஸ்டலில் பெக்கெட், ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ பார்க்ளே. இங்கே செய்யத் தெரியாதா? 1895இலேயே அஜ்மீர் ரயில் பட்டறை முழு இன்ஜின் ஒன்றைச் செய்து காட்டிவிட்டது. இருந்தும் ஆர்டர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. மெட்ராஸ் வழியாகத் தோலும் நிலக்கடலையும் பஞ்சும் வெளியே போயின. இரும்புச் சாமான்கள் உள்ளே வந்தன. அந்தப் போக்குவரத்தின் கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தள்ளியது இந்த ரக இன்ஜின். அதைப் பரிசு என்று நினைத்து நன்றி சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் இன்ஜின் மேல் எனக்குக் கோபமில்லை. அருமையான யந்திரம் அது.

அதனால்தான் ஆதங்கம். 1855இல் செய்த இ.ஐ.ஆர். 21 இன்ஜினை 2010இல் பெரம்பூர் லோகோ பட்டறைக்காரர்கள் உயிர்ப்பித்தார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அதை ஓட்டியபோது ஜனங்கள் பாலத்தில் ஏறி நின்று பார்த்தார்கள். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அது கிழக்கிந்திய ரயில்வேயின் இன்ஜின். அதற்கும் இந்த ஊர்க் கடற்கரைக்கும் சம்பந்தமில்லை. ஊருக்குச் சோறு போட்ட துறைமுகத்தின் வேலையைச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

ராயபுரம் ஸ்டேஷன் 1856இலிருந்து நிற்கிறது. துறைமுகத்துக்கு அடுத்த வீடு. அங்கே இப்படிப்பட்ட ஒரு சின்ன இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். பளபளவென்று பெயின்ட் அடித்து, சங்கிலி கட்டி, ரிப்பன் வெட்டுவதெல்லாம் வேண்டாம். நெருப்புப்பெட்டிக் கதவு திறந்து மூடும்படி இருக்கட்டும். பக்கத்தில் இரண்டு வேகன்களை அவிழ்க்காத கப்ளிங்கோடு நிறுத்தட்டும். செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் அந்த இரண்டு பஃபருக்கும் நடுவே குனிந்து நுழைந்து எடுத்துக்கொள்ளட்டும்.