இது யார் வீட்டுப் பெண்?

கல்யாண ஆல்பம் போடுகிறவர்களிடம் யார் சொன்னது, மணப்பெண் என்றால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிதான் இருக்க வேண்டும் என்று?

என் தங்கை நல்ல கறுப்பு. போன வாரம் அவள் கல்யாண ஆல்பம் வந்தது. 12க்கு 36 கரிஷ்மா ஆல்பம், தூக்கவே ஒரு ஆள் வேண்டும். பிரித்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி போட்ட கை இன்னொரு நிறம். கன்னத்தை வழவழப்பாக்குகிறேன் என்று தேய்த்த தேய்ப்பில் மூக்குத்திக் கல் பாதி காணாமல் போயிருக்கிறது. மோவாயில் இருந்த மச்சம் மொத்தமாக அவுட். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மாப்பிள்ளை பக்கத்துல நிக்குறது யாருடா?” என்று கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டால், “அண்ணே, எல்லாருக்கும் பண்றதுதான். பளிச்சுனு இருந்தாத்தான் பொண்ணு வீட்டுல சந்தோஷப்படுவாங்க” என்கிறார். யோவ், நான்தானய்யா பொண்ணு வீடு!

கோளாறு முகத்தில் இல்லை, மேடையிலேயே ஆரம்பிக்கிறது. கேமராவை ஆட்டோ மோடில் விட்டால், எதிரே இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தர சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் அது வெளிச்சத்தைக் கணக்குப் போடும். இதைச் சரிபார்க்கவே 18 சதவீத சாம்பல் அட்டை கடையில் விற்கிறது. பின்னால் வெள்ளை சாட்டின் துணி, அதற்கு மேல் வெள்ளை எல்இடி, முன்னால் கறுப்பு முகம். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்துக்கு மட்டும் வெளிச்சத்தை ஏற்று, ஏற்று என்று ஏற்றுவது.

அதே பெண்ணை அடர் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து மென்மையாக ஒரு விளக்கைக் காட்டிப் பாருங்கள். எந்த நிறத்தையும் நம் கண், அதற்குப் பக்கத்தில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். வெள்ளைக்கு முன்னால் மங்கித் தெரிந்த முகம் அங்கே ஒளிரும். கன்னத்து எலும்பு மேல் ஒரு மினுமினுப்பு ஓடும். கறுப்புத் தோலுக்கே உரிய அழகு அது. இவர்கள் அதைத்தான் ‘எண்ணெய் வடியுது’ என்று சொல்லி முதல் வேலையாகத் துடைத்துவிடுகிறார்கள்.

இந்த வியாதி ஃபிலிம் காலத்திலிருந்தே இருக்கிறது. கோடாக் கம்பெனி 1950கள் தொட்டு லேப்களுக்கு ‘ஷர்லி கார்டு’ என்று ஒன்றை அனுப்பியது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. மற்றவர்கள் எப்படி வந்தால் யாருக்கு என்ன? கறுப்பு, பழுப்பு நிறங்களை ஒழுங்காகக் காட்டும்படி ஃபிலிமை மாற்ற வைத்ததில், மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் போட்ட சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மேசைக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த மரியாதை!

சரி, அது அமெரிக்கா. நாம் என்ன செய்கிறோம்? பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனால் கேட்காமலேயே வெளுக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். ஆயுசு முழுக்க வயலில் வெயில் காய்ந்த மனுஷன் ரோஸ் கலரில் சிரிக்கிறார். செத்தவருக்கு எதற்கய்யா டச்சப்? 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற பெயரிலிருந்தே ‘ஃபேர்’ போய்விட்டது. எங்கள் ஊர் ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குத்தான் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

இதில் கொடுமை, எட்டாவது படிக்கும் சித்தி மகள் அந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா இதுல எவ்ளோ அழகா இருக்கா!” என்றதுதான். அந்தக் குழந்தையும் அக்கா நிறம்தான். அதுவரை ஆல்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரிஜினல் ஃபைலைக் கேட்டால் அதற்குத் தனியாகக் காசாம். முகத்தை அழிக்கக் காசு, திருப்பித் தரவும் காசா? பாக்கிப் பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மச்சத்தோடு ஆல்பம் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன்.