சைபர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்தில் மேலே அரசுக்குச் சொல்லணும், சரி. கீழே இருக்கிற மற்ற கம்பெனிகளுக்கு யார் சொல்வது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு போன். "டேலி திறக்கவே மாட்டேங்குது தம்பி." கணக்கு எழுதும் மென்பொருள் அது. போய்ப் பார்த்தால் சர்வரில் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் வால் மாதிரி ஒட்டியிருந்தன. டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு நோட்பேட் ஃபைல்: பணம் கட்டினால் திறந்து தருகிறோம். பேக்கப் பென்டிரைவில் இருந்தது, இரண்டு மாதப் பழசு. கணக்குப் பார்க்கும் அக்கா பில் புக்கின் கார்பன் நகல்களை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க ஆரம்பித்தார். பதினோரு நாள் ஆனது.

வீட்டிலிருந்து பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது வெளியே இருந்தபடியே ஆபீஸ் கணினியை இயக்கும் வசதியை, இணையத்துக்கு நேராகத் திறந்து விட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு கம்பெனி பெயர், கூடவே 123. உள்ளே வர அதுவே போதுமாக இருந்தது.

"செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுக்கணும் அண்ணா" என்றேன். சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு அது. "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. பையருக்குத் தெரிஞ்சா ஆர்டர் போயிரும்" என்றார் முதலாளி. பையர் என்றால் சரக்கு வாங்குபவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் அவருக்கு நஷ்டம் வரலாம். லாபம் என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லை.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, இப்படி ஒரு தாக்குதல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கணினியில் யார் எப்போது நுழைந்தார்கள், என்ன நடந்தது என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. பெரிய வங்கிக்கும் ஐந்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பனியன் கம்பெனிக்கும் ஒரே கெடு. அரசும் தனியாரும் கைகோத்து நிற்பது என்று மேடையில் பேசுகிறார்கள். இந்த உத்தரவில் எனக்குத் தெரிவது ஒருவழிப் பாதை. கீழிருப்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. சொன்னவருக்கு இத்தனை மணி நேரத்தில் உதவி வரும், அவரைப் போலவே கதவைத் திறந்து வைத்திருக்கும் பக்கத்துக் கம்பெனிக்கு எச்சரிக்கை போகும் என்பதற்கு ஒரு கெடுவும் இல்லை. செர்ட்-இன் எச்சரிக்கைக் குறிப்புகளை வெளியிடத்தான் செய்கிறது. அந்த ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட்டை மூட அந்த அக்காவால் முடியுமா? போதாததற்கு 2023 நவம்பரில் செர்ட்-இன்னைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டது.

மறைக்கிற பழக்கம் சின்னக் கம்பெனிக்கு மட்டும் இல்லை. 2019இல் கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். அணுமின் கழகத்தின் கணினியில் தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், இருப்பதை வெளியே இருந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசுக்குத் தெரிவித்ததாகச் சொன்னார். அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து வந்த அறிக்கை, பரவும் தகவல் பொய், நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின் மேல் சைபர் தாக்குதலுக்கே வாய்ப்பில்லை என்றது. மறுநாளே கழகம் ஒத்துக்கொண்டது: செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் சொல்லிவிட்டது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான ஒரு கணினி, உலை இயக்கும் அமைப்புக்கு ஆபத்தில்லை. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இப்படித் தகவல் கொடுக்கிற ஆய்வாளருக்கு ஐடி சட்டத்தில் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) உறுதியான பாதுகாப்பு இன்றுவரை இல்லை. அனுமதியில்லாமல் உள்ளே பார்த்தாய் என்று 43, 66ஆம் பிரிவுகளைக் காட்டி அவர் மேலேயே வழக்குப் போடலாம்.

அமெரிக்காவில் 2015இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தாக்குதல் தகவலை உரிய முறையில் பகிரும் கம்பெனியின் மேல், பகிர்ந்ததற்காக வழக்குப் போட முடியாது என்று அது சொன்னது. நமக்கும் அதுதான் முதலில் வேண்டும்.

அப்புறம் இந்த ஏஐ. பையர் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அட்வான்ஸ் பாக்கியைத் திருப்பி இதில் போடுங்கள்" என்று வரும் மோசடி மெயிலை முன்பெல்லாம் அதன் ஓட்டை ஆங்கிலத்தை வைத்தே பிடித்துவிடுவோம். இப்போது பையரின் நடையிலேயே வருகிறது. பில்லைப் படித்து கணக்கில் ஏற்ற ஏஐ கருவிகளையும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பில் வரும் பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ஒரு கட்டளையை ஒளித்து வைத்தால், கருவி அதை முதலாளியின் உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. 2025 நவம்பரில் வந்த இந்திய ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்கள், ஏஐ விபத்துகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன. நல்ல யோசனை, மனதார வரவேற்கிறேன். ஆனால் அதையும் மிரட்டி வாங்கும் பதிவேடாக ஆக்கிவிடாதீர்கள். சொன்னவர் பெயர் வெளியே வரக் கூடாது. நடந்தது மட்டும் தமிழில், இரண்டு நாளுக்குள், தொழில் சங்கங்களின் வாட்ஸப் குழுவரை வந்து சேர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அடுத்த தெருவில் ஒரு சாயப்பட்டறையில் கூப்பிட்டார்கள். அதே ரிமோட் டெஸ்க்டாப், அதே நோட்பேட் கடிதம். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த அந்த ஓனர் கேட்டார்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?"

தெரியும் என்றேன்.