கைமாத்துக் கொடுத்த பணத்தை எழுத்தில் கேளுங்கள்

நண்பனுக்குக் கைமாத்தாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். "நாமளா கேட்டா நல்லா இருக்காதுப்பா, அவனே தருவான்" என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடைசியில் பணமும் போய், நட்பும் போய், வீட்டில் பேச்சும் வாங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். சீக்கிரமாகக் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் தம்பி விஷயத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கூடப் படித்த நண்பன் செல்போன் கடை போடுகிறேன் என்று 3 லட்சம் கேட்டான். தம்பி கையில் அவ்வளவு இல்லை. மனைவியின் ஆரத்தை அடகு வைத்து 2 லட்சம், சேமிப்பிலிருந்து 1 லட்சம் எடுத்து அவன் கணக்குக்கு அனுப்பினான். புரோநோட்டு எதுவும் இல்லை. "அவன்கிட்ட போய் கையெழுத்துக் கேட்பேனாண்ணே?" என்றான். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். நண்பன் போனை எடுப்பதில்லை, அடகு வட்டியைத் தம்பி கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி சொந்தத் தங்கை கல்யாணத்தில் கழுத்தில் ஒற்றைச் செயினோடு நின்றாள். ஆரம் எங்கே என்று கேட்ட பெரியம்மாவிடம் "லாக்கர்ல இருக்கு" என்றாள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருக்கும் ஆண்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கூச்சத்துக்கான விலையை வீட்டில் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

எழுத்து இல்லையென்றால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் நம்புகிறார்கள். தவறு. வாய்மொழியாகக் கொடுத்த கடனும் கடன்தான், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. வங்கி வழியாகப் பணம் போயிருந்தால் ஸ்டேட்மென்ட் இருக்கும். ஆனால் அது பணம் போனதைத்தான் காட்டும், எதற்காகப் போனது என்று சொல்லாது. "அது எனக்கு வர வேண்டிய பழைய பாக்கி" என்று எதிராளி சொல்லிவிட முடியும். கடன்தான் என்பது அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

அதனால் தம்பியை உட்கார வைத்து ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுத வைத்தேன். திட்டு, சாபம் எதுவும் கிடையாது. "மச்சான், போன ஆவணியில கடைக்காக என்கிட்ட கடனா வாங்கின 3 லட்சத்துல இன்னும் எதுவும் வரல. நகை அடகுல இருக்கு. எப்போ, எவ்வளவு தர முடியும்னு சொல்லு." ராத்திரி பதில் வந்தது: "3 லட்சம் தரணும்னு மறக்கலடா. கடை சரியா போகல. தை பொறந்ததும் பாதியாவது தரேன்." வாங்கியது, தொகை, இன்னும் தரவில்லை என்பது, மூன்றும் அவன் வார்த்தையிலேயே வந்துவிட்டது. இப்படி ஒரு பதில் வந்தால் அழித்துவிடாதீர்கள், அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்றத்தில் கொடுக்க வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, அந்த மின்னணுப் பதிவு பற்றிய சான்றிதழும் இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பலரும் கோட்டை விடுவது காலக்கெடுவில்தான். எப்போது திருப்பித் தருவது என்று பேசாமல் கொடுத்த கடனுக்கு, 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாங்கியவர் தர மறுத்த நாளிலிருந்து கணக்கு என்று நினைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த 3 வருடம் முடிவதற்குள் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். வாட்ஸ்அப் பதில் கையெழுத்துக்குச் சமமா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். அந்த வம்பு எதற்கு? ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

எடுத்த எடுப்பிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடன் வசூலிப்பது அவர்கள் வேலை இல்லை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. கடை நொடித்துத் தர முடியாமல் போனது மோசடி ஆகாது. ஆள் வைத்து மிரட்டுவதும், போட்டோவோடு முகநூலில் போட்டு அசிங்கப்படுத்துவதும் இதைவிட மோசம். பணம் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரும். அந்தப் போட்டோவைக் கடன் வாங்கியவரின் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

நாங்கள் போனது தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்கு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். உடன்பாடு வந்து லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், தீர்வு எழுதிவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. எதிராளி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் சிவில் வழக்குதான். தமிழ்நாட்டில் 2017இல் நீதிமன்றக் கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 3 லட்சத்துக்கு 9,000 ரூபாய், வக்கீல் பீஸ் தனி.

தம்பியின் நண்பன் மனைவியோடு வந்தான். அந்தப் பெண் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "உங்க போன் வந்தாலே இவர் எழுந்து வெளிய போயிடுவாருங்க. எவ்வளவு கடன்னே எனக்குத் தெரியாது." ஏமாற்ற நினைத்தவன் இல்லை, முகத்தைக் காட்டக் கூசி ஒளிந்தவன். மாதம் 10,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சில மாதம் தள்ளிப் போகிறது, ஆனால் வருகிறது.

உங்கள் பணம் இப்படி மாட்டியிருந்தால், வங்கி ஆப்பில் பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்து முதலில் தேதியைப் பாருங்கள். 3 வருடம் முடிய இன்னும் நாள் இருந்தால் அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு, சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். ஓரிரு மாதம்தான் பாக்கி என்றால் நேராக வக்கீலிடம் போய்விடுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது.