உடலை உதறினால் பேரச்சம் ஒரே நாளில் நீங்கிவிடுமா?

"படகு கவிழ்ந்து உயிர்தப்பியவரின் அச்சம் தசைகளில் தேங்கி நிற்கிறது, ஒரு நாள் உடலை உதறிக் கதறி அழுதால் அது வெளியேறிவிடும், மருத்துவரும் மாத்திரையும் வேண்டாம்" என்னும் வாட்ஸ்அப் செய்தி பாம்பன், தங்கச்சிமடம் பகுதி மீனவக் குடும்பங்களிடையே பரவுகிறது. இது தவறு.

அச்சம் ஒரு பொருளைப் போலத் தசையில் தேங்குவதில்லை. ஆபத்தை உணரும் மூளை ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருப்பதால்தான், காற்று சற்றுப் பலத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு திணறுகிறது, தோள் இறுகுகிறது. இவற்றைச் சிறுசிறு அளவில் கவனித்து, தாங்கக்கூடிய எல்லைக்குள் நின்று, மீண்டும் அமைதிக்குத் திரும்பப் பழகுவதே உடல்வழிச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின் உருவாக்கிய இத்தகைய முறையை 63 பேரிடம் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், வாரம் ஒன்றாக 15 அமர்வுகள் நடத்தப்பட்டன. பலன் தெரிந்தது உண்மை. ஆனால் சான்றுகள் இன்னும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையப்படுத்திய சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் இஎம்டிஆர் எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சையும் ஆகும்.

பயிற்சி பெற்றவரின் துணையின்றி ஒருவரைத் திடீரெனப் படகு கவிழ்ந்த நினைவுக்குள் தள்ளுவது (என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுவே) அவரை மேலும் நிலைகுலையச் செய்யலாம். மாத்திரை உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தக் கூடாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.