மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் கை ஓடணும்

திருக்கடையூரில் நடந்த அப்பாவின் எழுபது வயதுச் சடங்கான பீமரத சாந்தி வீடியோவை இங்கே போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி: "எதுல எடிட் பண்ணீங்க?" கூடவே "ஈஸியா இருக்கணும், காசும் ஆகக்கூடாது" என்று நிபந்தனை வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

வீட்டில் இருக்கிற நாம் வருஷத்துக்கு மூன்று நான்கு முறைதான் வீடியோ வெட்டுகிறோம். ஒரு காதுகுத்து, ஒரு பள்ளி ஆண்டுவிழா, எப்போதாவது ஒரு டூர். நாளெல்லாம் எடிட் செய்கிறவரிடம் போய் "எது ஈஸி?" என்று கேட்டால் அவர் விரலுக்குப் பழகினதைத்தான் சொல்வார். நாமோ ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தால், யூடியூபில் பாடம் பார்க்காமல் பத்து நிமிஷத்தில் கை ஓடுகிறதா? நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் டாவின்சி ரிசால்வ் போடச் சொன்னான். அவன் சொன்னது பொய்யில்லை. இலவசப் பதிப்பிலேயே மலைக்க வைக்கும் அளவுக்கு வசதிகள் இருக்கின்றன, படத்தின் மேல் கம்பெனி முத்திரையும் (வாட்டர்மார்க்) விழாது. ஆனால் வெட்ட ஒரு பக்கம், நிறத்துக்கு ஒரு பக்கம், ஒலிக்கு ஒரு பக்கம் என்று விரிந்துகொண்டே போகிறது. அதன் கையேடே மூவாயிரம் பக்கத்துக்கு மேல். என் பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டும் கிடையாது. அப்பா தலையில் கலசத் தண்ணீர் விழுகிற காட்சி, சொட்டுச் சொட்டாக நின்று நின்று ஓடியது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு எடுத்துவிட்டேன்.

அப்புறம் விளம்பரத்தைப் பார்த்து இன்னொன்றை இறக்கினேன். பெயர் வேண்டாம். அழகான திரை, இழுத்துப் போட்டால் போதும், என் மகளே பாதியைச் செய்துவிட்டாள். நாலு மணி நேரம் உட்கார்ந்து முடித்து, முடிந்த வீடியோவை ஃபைலாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் அழுத்தும்போதுதான் சொல்கிறது: காசு கட்டாவிட்டால் கம்பெனி முத்திரையோடுதான் வரும் என்று. பூரணகும்பத்துக்கு மேலே கம்பெனி பெயர்! அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். புதிதாக எதை இறக்கினாலும் முதலில் பத்து வினாடி கிளிப் ஒன்றைப் போட்டு, மேலே தமிழில் ஒரு தலைப்பு எழுதி, எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிடுவேன். முத்திரை விழுகிறதா, தமிழ் எழுத்து உடைகிறதா என்று இரண்டும் ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

தமிழ் உடைவது சின்ன விஷயமில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று சிதறிப் போகிற மென்பொருட்கள் இன்னும் உண்டு. அப்படி ஆனால் மென்பொருளோடு சண்டை போடாதீர்கள். தலைப்பை வேறு எதிலாவது பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து, வீடியோவுக்கு மேலுள்ள அடுக்கில் (டிராக்) வைத்துவிட்டால் முடிந்தது.

"பழைய மூவி மேக்கர் கிடைக்குமா?" என்று நாலு பேராவது கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. 2000-இல் விண்டோஸ் எம்இ-யோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டது. அதே வருஷம் நவம்பரில், அந்தப் பெயரில் போலி ஒன்றைக் கொடுத்துப் பணம் பிடுங்கும் தளம் கூகுள் தேடலில் மேலே வருவதாக ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. தேடி இறக்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் "கேப்கட் போடுங்க அத்தான், ஒரு நிமிஷ வேலை" என்கிறான். அவனுக்குச் சரி. இந்தியாவில் அது தடை.

சரி, நான் எதில் செய்தேன்? கிளிப்சாம்ப். 2021-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இப்போது விண்டோஸ் 11-இலேயே வருகிறது. 1080பி (ஃபுல் எச்டி தெளிவு) வரை காசும் இல்லை, முத்திரையும் இல்லை. அதில் கிடைக்கும் கட்டணப் பாட்டு, படங்களை மட்டும் தொடாதீர்கள். அதைவிடத் தெளிவான 4கே வேண்டுமென்றால் காசு. சித்தப்பா வீட்டு டிவிக்கு 1080பி தாராளம். மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அது பிடிக்காதவர்களுக்கு ஷாட்கட் இருக்கிறது: திறந்த மூலம், விலையில்லை, பார்க்கக் கொஞ்சம் வறண்ட முகம். இரண்டிலும் வெட்ட எஸ் என்ற ஒரே விசைதான். என்னைப் போல மறப்பவனுக்கு இது பெரிய உபகாரம். ஆப்பிள் வீட்டுக்காரர்கள் ஐமூவியைத் திறந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

மென்பொருளைத் திட்டும் முன் ஒன்று பாருங்கள். தம்பி போனில் எடுத்த அரைமணி நேர கிளிப்பில் முதலில் எல்லாம் சரியாக இருந்தது. போகப் போக மேளக்காரர் அடித்துக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்தது. போன்கள் வினாடிக்கு இத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். சில எடிட்டர்கள் அதில் தடுமாறிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் விகிதம் என்று வைத்து ஒருமுறை மாற்றி எடுத்ததும் தவில் கையோடு வந்து சேர்ந்தது. மாமா போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததற்கு எந்த மென்பொருளிலும் மருந்து இல்லை.

இன்னொன்று. ப்ராஜெக்ட் சேமித்தாகிவிட்டது என்று போனில் இடம் பண்ண அசல் கிளிப்புகளை அழித்துவிடாதீர்கள். எங்கே வெட்டினோம், எங்கே ஒட்டினோம் என்ற கணக்குதான் ப்ராஜெக்டில் இருக்கும். வீடியோ அசல் ஃபைலில்தான். நான் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அதன் பெயரைக்கூட மாற்றுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா டிவியில் பென்டிரைவ் போட்டு வீடியோவை மறுபடி பார்த்தாள். பாதியில் நிறுத்தி, "குருக்கள் மந்திரத்தை நிறுத்திட்டு, 'போட்டோகிராபர் கொஞ்சம் தள்ளுங்கோ, சாமிக்கு மறைக்குது'ன்னாரே, அதை ஏன்டா வெட்டின?" என்றாள். நான் எடிட் செய்து முடித்து நாலு மாதம் ஆகிறது. லேப்டாப்பைத் திறந்தேன், ப்ராஜெக்ட் இருந்தது, கிளிப் இருந்தது, எஸ் விசையும் ஞாபகம் இருந்தது. எட்டு நிமிஷத்தில் குருக்கள் திரும்ப உள்ளே வந்துவிட்டார்.